நங்கூரம் போட்ட பித்தளைத் தம்ளர்

செல்வம், ஈசுவரி, இந்த வாரம் தொடரில் நான் எழுதியிருப்பதை நீங்கள் படிக்கும்போது நான் கடையில் இருப்பேன். அதுதான் எனக்கு நல்லது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதச் சொன்னால் எப்படியாவது எழுதிவிடுவேன். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் ஆகாது.

நம் வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குக் கீழ்த்தட்டில், ஒரு பித்தளைத் தம்ளர் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? அடி நல்ல கனம். வயிற்றில் ஒரு நங்கூரம். எதிர்ப்பக்கம் ‘மு. சுப்பையா’ என்று உங்கள் தாத்தாவின் பெயர். உலகச் சண்டைக் காலத்தில் தாத்தா கப்பலில் இருந்தார், பீரங்கிக் குண்டின் கூட்டை வெட்டிச் செய்த தம்ளர் அது என்று சொல்லியிருந்தேன். தீபாவளிக்குத் தீபாவளி அதைப் புளி போட்டுத் துலக்குவது ஈசுவரியின் வேலை.

ஒருநாள் அது அங்கே இல்லை. கேட்டீர்கள். “ஒருத்தருக்குக் கொடுத்திருக்கேன், வரும்” என்றேன்.

அது வராது.

உங்கள் தாத்தா கப்பலில் கால் வைத்ததில்லை. கடலையே ஒரே ஒரு தடவைதான் பார்த்தார், திருச்செந்தூரில், கரையில் நின்றபடி. காலையாவது நனையுங்கள் என்றதற்கு, “வேட்டி உப்பாயிரும்லே” என்று சொல்லித் தள்ளி நின்றுகொண்டார்.

பெயர் வெட்டுகிறவன்

தென்காசியில் கோயில் வாசலுக்குத் தெற்கே இருந்த பாத்திரக்கடையில் நான் சேர்ந்த கதையை முன்னமே எழுதிவிட்டேன். உளி, சின்னச் சுத்தியல், பாத்திரத்தை வைத்து வெட்ட ஒரு மணைக்கட்டை. கடை முகப்பில் உட்கார்ந்து பாத்திரங்களில் பெயர் வெட்டுவது என் வேலை. மெஷின் வருவதற்கு முந்திய காலம்.

எங்கள் பக்கத்தில் பெயர் இல்லாத பாத்திரம் வீட்டுக்குள் போகாது. சீர்வரிசைக் குடம் என்றால் கொடுத்த தாய்மாமன் பெயர் வேண்டும். விசேஷ வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் திரும்பி வருவதற்கும் அந்தப் பெயர்தான் வழி.

பெயர் வெட்டுகிறவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அழிப்பது. அந்த வருஷங்களில் எல்லா வீட்டிலும் எவர்சில்வர் ஆசை. தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பித்தளையைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து எடைக்குப் போட்டுவிட்டு, ஒரு எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகப் போவார்கள். நெளியாத பழைய சாமான் கிடைத்தால், அதில் இருக்கிற பெயரை அரத்தால் ராவி, பாலீஷ் போட்டு, முதலாளி மறுபடி விற்பார்.

ஒரு தடவை ஒருத்தர் தங்கைக்குச் சீராகக் கொடுத்த பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏதோ மனத்தாங்கல். அதில் இருந்த தன் பெயரை எடுக்க வேண்டுமாம்.

“பேரை எடுத்துட்டா உறவு போயிருமாவே?” என்று முதலாளி கேட்டார்.

“உறவு எங்க போவும். அவ தண்ணி கோரும்போதெல்லாம் என் பேரைப் பார்த்து வைய வேண்டாம்லா, அதுக்குத்தான்.”

கடையே சிரித்தது. நான் ராவினேன். தூளை வாயால் ஊதினேன். எங்கள் கோயில் வாசல் காற்று உங்களுக்குத் தெரியும், துண்டைப் பிடுங்கிக்கொண்டு போகிற காற்று. ஊதிய தூள் எந்தப் பக்கம் போயிற்று என்றுகூடத் தெரியாது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பழைய பாத்திரத்தில் இருக்கிற பெயர் எனக்கு அழுக்கு மாதிரி. கரியைத் தேய்ப்பதற்கும் பெயரை ராவுவதற்கும் என் கைக்கு வித்தியாசம் தெரியாமல் போயிருந்தது.

சாக்கிலிருந்து வந்தது

ஆனி மாதம். சாரல் தொடங்கியிருந்தது. எடை போடுகிற பரமசிவம் ஒரு சாக்கைக் கொட்டினான். ஓட்டைச் செம்பு, காதறுந்த உருளி, இவற்றுக்கு நடுவில் அந்தத் தம்ளர் உருண்டு வந்து என் காலில் இடித்தது.

எடுத்துப் பார்த்தேன். கடையில் விற்கிற தம்ளர் மாதிரி இல்லை. அடியில் அம்புக்குறி ஒன்றும் ஏதோ எண்களும் குத்தியிருந்தன. வயிற்றில் நங்கூரம் ஆழமாக, பதமான கையால் வெட்டியது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆணியால் கீறிய மாதிரி ஒரு பெயர்: செண்பகம்.

அந்த எழுத்து எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ‘செ’யின் கொம்பு யானைத் துதிக்கை மாதிரி பெரிதாகச் சுருண்டிருந்தது. போகப்போக எழுத்துகள் சிறுத்து, கடைசி எழுத்து கீழே சறுக்கியிருந்தது.

“ஏலே பரமசிவம், இங்கன பாரு. கோழி கிளறுன மாதிரி இருக்கு.”

“எழுதுனவனுக்குக் கையில வாதமோ என்னவோ. உம்மகிட்டப் படிக்க விட்டிருக்கணும்வே” என்றான் அவன்.

இரண்டு பேரும் சிரித்தோம்.

மறு வாரம் கீழப்பாவூரிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. உங்கள் அம்மாவின் பெரியப்பா பட்டாளத்துக்காரர். அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் அவர் பேச்சுத்தான் என்று தரகர் சொல்லியிருந்தார். நமக்கு என்ன இருக்கிறது? உங்கள் தாத்தா குற்றாலத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் எச்சில் தட்டுக் கழுவினார். சீசன் மூன்று மாதமும் கை தண்ணீரிலேயே கிடக்கும். விரல் நுனியெல்லாம் வெளுத்து, ஊறிப்போன அப்பளம் மாதிரி இருக்கும். மற்ற மாதங்களில் கிடைத்த வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் எப்போதாவது கடைக்கு வந்து என்னைப் பார்க்க வெளியே நிற்பார். “யாருப்பா அது?” என்று வாடிக்கையாளர் யாராவது கேட்டால், “தெரிஞ்சவரு” என்பேன். அவர் காதில் விழுகிற தூரத்தில்தான் சொல்வேன்.

தம்ளரை எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக எங்கள் வீட்டு உடைந்த பித்தளைக் கரண்டிகளைச் சாக்கில் போட்டேன். எடை நேராகிவிட்டது, அதனால் இது திருட்டு இல்லை என்று மனசுக்கு ஒரு சமாதானம்.

எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு அரத்தை எடுத்தேன். டீ வந்து ஆறுவதற்குள் செண்பகம் என்கிற பெயர் அங்கே இல்லை. ஊதினேன். பிறகு உளியை எடுத்து என் அப்பா பெயரை வெட்டினேன். ஒவ்வொரு எழுத்தும் அச்சில் வார்த்த மாதிரி வந்தது. நானே இரண்டு தடவை தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

அவள் வந்த நாள்

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. சாரலில் தலை நனைந்திருந்தது. குடை இல்லை.

“அண்ணாச்சி, இலத்தூர்லருந்து வாரேன்” என்றாள் முதலாளியிடம். “எங்க அத்தை நாலு நாள் முந்தி இங்கனதான் பழைய பித்தளையைப் போட்டுட்டு எவர்சில்வர் குடம் எடுத்துட்டு வந்தாவ. நான் பிள்ளை பெத்து அம்மா வீட்டுல கெடந்தேன். என் தம்ளரையும் சேர்த்துப் போட்டுட்டாவ. நங்கூரம் போட்டிருக்கும்.”

“போட்டதைத் திருப்பிக் கேட்டா எப்படித் தாயி? வேணும்னா ஒரு புதுத் தம்ளர் தாரேன், எடுத்துக்கோ.”

“புதுசு வேண்டாம் அண்ணாச்சி. அதுல ஆணியால என் பேரு கீறியிருக்கும். எங்கப்பா கீறுனது. சண்டையில கப்பல்ல இருந்தாவ. நான் பொறந்ததைக் கடுதாசியில பார்த்துட்டு அதுல எழுதி, கூட இருந்தவர்கிட்டக் கொடுத்துவிட்டிருக்காவ. அவிய திரும்பி வரல. கப்பல் முங்கிப் போச்சு. வடகரையில எங்கம்மா வீட்டுல அவிய படம்கூடக் கிடையாது.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏலே, அப்படி ஏதும் கண்ணுல பட்டுதா?”

தம்ளர் என் மணைக்கட்டைக்கு அடியில் துண்டில் சுற்றி இருந்தது. கையை நீட்டினால் எட்டும். எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் எடுத்தால் அதில் என் அப்பா பெயர் அல்லவா இருக்கிறது?

“பழசெல்லாம் நேத்தே லாரியில ஏத்தியாச்சு. இதுக்குள்ள உருக்கியிருப்பாவ” என்றேன்.

அவள் உடனே போகவில்லை. என் உளியைப் பார்த்தாள்.

“பேரு வெட்டுறவிய நீங்கதான. அந்த எழுத்தையாவது பார்த்தியளா?”

“பார்க்கல.”

“சரி அண்ணாச்சி” என்று சொல்லி, குழந்தை தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். பரமசிவம் எடைக்கல்லையே துடைத்துக்கொண்டிருந்தான்.

கப்பல் என்ன நிறம்

பெண் வீட்டார் வந்தார்கள். தம்ளரை எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்திருந்தேன். பட்டாளத்துப் பெரியப்பா கையில் எடுத்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார். பெயரைப் படித்தார்.

“மாப்பிள்ளையோட தகப்பனார் நேவியா?”

“ஆமா, சண்டைக் காலத்துல” என்றேன்.

உங்கள் தாத்தா பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தேன். வெளுத்த விரல்களை மடக்கி வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். “ஆமா” என்றும் சொல்லவில்லை, “இல்லை” என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா எழுந்து வந்து அவருக்குக் கை கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு தாத்தா என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“ஏலே, இனிமே அவிய வரப்போக இருப்பாவ. கப்பல் என்ன கலருன்னு கேட்டா நான் என்னல சொல்ல?”

“சாம்பல் கலருன்னு சொல்லுங்க.”

“சாம்பல்” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆயுசு முழுக்கச் சாம்பல் போட்டுத் தட்டு விளக்கினவர். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் அவரைப் படிக்க வைத்தேன்.

உங்கள் அம்மாவை ஏமாற்றியதாக வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒருநாள் கேட்டதற்கு அவள் சொன்னாள்: “கல்யாணம் ஆன மறுவாரமே எனக்குத் தெரியும். குத்தாலத்துலயே கெடந்து, அருவித் தண்ணிக்குப் பயந்து வாளியில மொண்டு குளிக்குற மனுசன் கப்பல்ல போனாவளாக்கும்.” அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. என் பொய்க்கு அந்த வீட்டில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பதை எழுதும்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

ஐந்தருவிக்குப் போனது

வருஷங்கள் ஓடின. தாத்தா காலமானார். அடுத்த வருஷம், செல்வம், உன் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்று நீ தம்ளரை எடுத்துக்கொண்டு போனாய். “எந்தக் கப்பல்னு சார் கேட்டுட்டு வரச் சொன்னாவப்பா, அட்டையில எழுதி வைக்கணுமாம்” என்று தம்ளரோடு திரும்பி வந்து நின்றாய்.

மறுநாளே நான் விசாரிக்கக் கிளம்பினேன். நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அது எங்கிருந்து வந்தது, யாருடையது என்பது எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும். உண்மையைத் தேடி நான் போகவில்லை. பொய்க்கு ஒரு கப்பல் பெயர் குறைந்தது. அதைத் தேடித்தான் போனேன்.

ஐந்தருவிப் பக்கம் சோப்பு, எண்ணெய், துண்டு விற்கிற ஒருவர் இருந்தார். கப்பல் அண்ணாச்சி என்பார்கள். சண்டை நடந்த வருஷங்களில் கடற்படையில் இருந்தவர். சீசன் கூட்டம். எண்ணெய் தேய்த்த உடம்புகளும், நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொரிகிற வாடையும், தகரக் கூரையைத் தட்டுகிற சாரலும். “எங்கப்பாவோடது” என்று தம்ளரை நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“அட. விமானத்தைச் சுடுத பீரங்கிக் கூடுல்லா இது. அப்பா எங்க டிரெயினிங்? பம்பாயா?”

“பம்பாய்.”

“கப்பல்ல என்ன வேலை?”

“சமையல் கட்டுல” என்றேன். உண்மைக்குப் பக்கத்தில் போக முடிந்தது அவ்வளவுதான்.

அவர் தம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பெருவிரலால் பெயரைத் தடவினார்.

“இது கடைக்காரன் உளி. கப்பல்ல இப்படி வெட்ட மாட்டான். ஒர்க்‌ஷாப்புல ஒருத்தன் கூட்டை அறுத்து நங்கூரம் போட்டுக் கொடுப்பான். பொறவு அவனவன் ஆணியை வச்சுக் கீறணும். தன் பேரை எவனும் கீற மாட்டான் தம்பி. வீட்டுல இருக்குற ஆளு பேரைத்தான் கீறுவான். பித்தளை லேசுல கொடுக்குமா? கப்பலும் ஆடும். ஒரு எழுத்துக்கு ஒரு நாளு ஆவும். எங்கூட இருந்த ஒரு பய, பொண்டாட்டி பேரு நீளம்னு பாதியில விட்டுட்டான்.”

சொல்லிச் சிரித்தவர், சிரிப்பை நிறுத்தினார்.

“இங்கன அரம் ஓடியிருக்கே. கீழ யாரு பேரு இருந்துது?”

யாரோ ஒருவர் வந்து சீயக்காய்ப் பொட்டலம் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் மறுபடி என்னைப் பார்த்தார்.

“ஒரு பிள்ளையோட பேரு” என்றேன். பிறகு, அப்பா தட்டுக் கழுவியதைத் தவிர, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இரைச்சலில் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் வையவில்லை. தம்ளரைத் துண்டில் துடைத்து என் கையில் வைத்தார்.

“அந்தப் பிள்ளை உசுரோட இருக்கா?”

“தெரியாது.”

“பொறவு எதுக்கு இங்க வந்த? இலத்தூருக்கு பஸ் இருக்குல்லா.”

செண்பகம்

அடுத்த ஞாயிறு போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒன்பது வருஷம் போகாத இடம்.

அவள் முற்றத்தில் ஈர நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். அன்று இடுப்பில் இருந்த குழந்தை இப்போது காக்கா விரட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும், “நீங்க அந்தப் பேரு வெட்டுற அண்ணாச்சிதான” என்றாள்.

நான் தம்ளரை எடுத்தேன். அவள் கையைச் சேலையில் துடைத்தபடி ஓடி வந்தாள், சின்னப் பிள்ளை மாதிரி. வாங்கி, பார்க்காமலே விரலைச் சரியாக அந்த இடத்தில் கொண்டு வைத்தாள். விரல் அப்படியே நின்றது. அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

“இது யாரு பேரு?”

“எங்கப்பா பேரு.”

“அவியளும் கப்பலா?”

“இல்ல. தட்டுக் கழுவுனாவ.”

நாற்பது வயதை நெருங்குகிறபோது, முதல் தடவையாக, அந்நியர் ஒருவரிடம் அதைச் சொன்னேன்.

“அன்னைக்கு நீங்க வரும்போது இது என் மணைக்கு அடியில இருந்துது” என்றேன். “அந்த எழுத்தைப் பார்த்தேன். பார்க்கலைன்னு சொன்னேன். நான்தான் ராவுனேன்.” சிரித்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அவள் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து, “யாருட்டி வந்திருக்கா?” என்று மாமியார் கேட்டாள்.

எனக்குப் பதற்றம். “நான் திருப்பி வெட்டித் தாரேன்மா. உங்க பேரை நல்லா, அழகா, அச்சுல வார்த்த மாதிரி” என்றேன்.

“உங்க எழுத்து எனக்கு எதுக்கு?”

குனிந்தாள். நெல்லை ஒதுக்கிவிட்டு ஈரத் தரையில் ஒரு குச்சியால் தன் பெயரை எழுதினாள். யானைத் துதிக்கை மாதிரி கொம்பு. சிறுத்துக்கொண்டே போகிற எழுத்துகள். கடைசி எழுத்து கீழே சறுக்கியது. நான் ராவிய அதே எழுத்து, தரையில் கிடந்தது.

“நான் பள்ளிக்கூடம் போனதில்ல. இந்தத் தம்ளரைப் பார்த்துப் பார்த்து இந்த ஒரு பேரை மட்டும் படிச்சுக்கிட்டேன். எங்க கையெழுத்துக் கேட்டாலும் இதைத்தான் போடுதேன். எல்லாரும் சிரிப்பாவ.”

தம்ளரை என்னிடமே நீட்டினாள்.

“உங்கப்பா பேரை எடுத்துட்டுக் கொண்டாங்க. என் பேரை நானே கீறிக்கிடுதேன். ஆணி வீட்டுல கெடக்கு.”

தூள்

மறுநாள் கடைக்கு விடுமுறை. சாவி என்னிடம் இருந்தது. பாதிக் கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மணைக்கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அப்பாவின் பெயரில் அரத்தை வைத்தேன்.

வெட்டியபோது ஆழமாக வெட்டியிருக்கிறேன். லேசில் போகவில்லை. முதலில் ‘மு’ போயிற்று. ‘யா’ கடைசிவரை நின்றது. அரம் சத்தம் போட, அதோடு சேர்ந்து எனக்கு என்னவெல்லாமோ காதில் கேட்டது. “தெரிஞ்சவரு.” “சாம்பல்.” அவர் பெயரை எங்கேயாவது வெட்டி வைத்த ஒரே பாத்திரம் அது. அதுவும் அடுத்தவர் பாத்திரம்.

முடிந்தபோது மணைமேல் ஒரு சிட்டிகைத் தூள் மஞ்சளாகக் கிடந்தது. பழக்கத்தில் வாயைக் குவித்துவிட்டேன்.

ஊதவில்லை. எழுந்துபோய்க் கதவுக்கு வெளியே காற்று இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து, துண்டின் முனையைத் தண்ணீரில் நனைத்து, அந்தத் தூளை ஒரு பொட்டு விடாமல் ஒற்றி எடுத்தேன்.